இடியாப்பக் கடைக்கு உரிமம்: எங்கள் ஊர் மன்ற முகப்பில் ஐந்து மாதங்கள்

மலேசியாவில் உள்ள எங்கள் ஊரில் சாலையோரக் கடைகளுக்கு உரிமம் வழங்கும் ஊராட்சி மன்ற அலுவலகத்தின் முகப்புச் சேவையைப் பற்றிய என் அனுபவத்தை இங்கே பதிவு செய்கிறேன். என் அண்ணி இடியாப்பமும் ஆப்பமும் விற்பதற்கு ஓர் ஒட்டுக்கடை போட விரும்பினார். அவருக்குத் துணையாகக் கடந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலிருந்து இந்த ஆண்டு ஜனவரி முதல் வாரம் வரை ஒன்பது முறை அந்த முகப்புக்குச் சென்று வந்தேன். உணவகத்தைப் பற்றியும் கைப்பேசிக் கடையைப் பற்றியும் நாம் தாராளமாக எழுதுகிறோம். நம் வரிப்பணத்தில் இயங்கும் ஒரு சேவையைப் பற்றி எழுதுவதற்கு மட்டும் அஞ்சுகிறோம். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதை நானும் அறிவேன். ஊரின் பெயரையும் மன்றத்தின் பெயரையும் குறிப்பிடாததற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எங்களுடையது நான்கு தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர். என் பெற்றோர் காலத்தில் நான்கிலும் பால்மரம், அதாவது ரப்பர், நின்றது. இன்று நான்கிலும் எண்ணெய் தரும் செம்பனை நிற்கிறது. இரண்டு வரிசைக் கடைவீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, பேருந்து நிலையம், சனிக்கிழமை இரவுச் சந்தை, இவ்வளவுதான் ஊர். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அறுபது வயது ஆனதும் சம்பளத்தோடு குடியிருந்த லயத்து வீடும் கைவிட்டுப் போகிறது. சேமநிதியில் சேர்ந்திருக்கும் தொகை ஒரு சிறிய வீட்டுக்கு முன்பணம் கட்டியதும் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு சொந்தக் கையை நம்பிப் பிழைப்பதற்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே வழி சமைத்து விற்பதுதான். உதிரிப் பழம் பொறுக்கியே முப்பது ஆண்டுகளைக் கழித்த என் அண்ணிக்கும் அதுதான் வழி. ஆகவே உரிமம் என்பது எங்களுக்கு வெறும் காகிதமாக இருக்கவில்லை. அது கைக்கு வரும் நாள்தான் அவர் வீட்டில் மறுபடியும் வருமானம் தொடங்கும் நாளாக இருந்தது.

முகப்பின் தோற்றத்துக்கும் பணிவுக்கும் நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். குளிரூட்டிய கூடம், எண் சீட்டு தரும் இயந்திரம், போதுமான நாற்காலிகள், முதியவர்களுக்கென்று தனி வரிசை எல்லாம் இருக்கின்றன. காலை எட்டரை மணிக்குள் போய்ச் சேர்ந்தால் கால் மணி நேரத்தில் எண்ணை அழைத்துவிடுகிறார்கள். எவரும் எங்களிடம் முகம் சுளித்ததோ குரல் உயர்த்தியதோ இல்லை. சுவரில் பெரிய எழுத்தில் வாடிக்கையாளர் சாசனம் தொங்குகிறது. அரசு அலுவலகங்கள் தாங்கள் எந்த வேலையை எத்தனை நாளில் முடிப்போம் என்று எழுதி வைக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1993ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றின் வழியாக நடைமுறைக்கு வந்தது. எங்கள் மன்றத்தின் சாசனம், முழுமையான விண்ணப்பம் கிடைத்த முப்பது நாளில் முடிவு தெரிவிக்கப்படும் என்கிறது. முதல் நாள் அதைப் படித்தபோது அண்ணி விரல் விட்டு எண்ணிப் பார்த்து, தீபாவளிக்கு முன்பே கடை போட்டுவிடலாம் என்று சொன்னார்.

விண்ணப்பத்தை முழுமையாக்குவதற்கு நாங்கள் எந்தக் குறுக்கு வழியையும் தேடவில்லை. 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை ஒழுங்குமுறைகளின்படி உணவு கையாளுவோர் பயிற்சிச் சான்றும் டைபாய்டு தடுப்பூசிச் சான்றும் வேண்டும். பக்கத்து நகரத்தில் நடந்த பயிற்சியில் தம் பேரப்பிள்ளைகள் வயதுள்ளவர்களோடு அண்ணி உட்கார்ந்து, மலாய் மொழியில் நடத்திய பாடத்தைக் கேட்டு, புரியாததை இடைவேளையில் என்னிடம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டார். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி மேடையில் வைத்தார். முகப்பில் அடையாளத்தைச் சரிபார்த்தபோது, முள்ளிலும் மண்ணிலும் தேய்ந்துபோன அவருடைய பெருவிரல் ரேகையை இயந்திரம் மூன்று முறை ஏற்க மறுத்தது. அந்தப் பெண் ஊழியர் ஈரத் துணியால் அண்ணியின் விரலைத் தாமே துடைத்து நான்காவது முறை அழுத்திப் பிடித்தார். இதை ஒரு நல்ல செயலாகவே நினைவில் வைத்திருக்கிறேன்.

குறை அந்தக் கூடத்துக்குப் பின்னால், கோப்பு உள்ளே போன பிறகு தொடங்குகிறது. செப்டம்பரில் போய்க் கேட்டபோது 'பெலும் லுலுஸ் லாகி' என்றார்கள். அனுமதி இன்னும் ஆகவில்லை என்று அதற்குப் பொருள். அக்டோபரில் கேட்டபோது இடத்தைப் பார்வையிட அதிகாரி வர வேண்டும் என்றார்கள். எவரும் வரவில்லை. மறுபடி சென்றபோது உரிமக் குழுவின் கூட்டம் தள்ளிப்போனதாகச் சொன்னார்கள். நவம்பரில், கடை வரைபடத்தில் குப்பைத்தொட்டி குறிக்கப்படவில்லை என்று ஒரு காரணம் கிடைத்தது, குறித்துக் கொடுத்தோம். அடுத்த முறை, ஏற்கெனவே கொடுத்திருந்த தடுப்பூசிச் சான்றின் நகலைக் காணவில்லை என்றார்கள், மறுபடியும் கொடுத்தோம். எந்த முறையும் இல்லை என்று சொல்லவில்லை, ஆகும் என்றும் சொல்லவில்லை. மறுப்பு என்று ஒன்று எழுத்தில் வந்திருந்தால் மேல்முறையீடு செய்யலாம். பதிலே வராத விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு ஒரு குடிமகள் எந்தக் கதவைத் தட்டுவது?

இந்த இடத்தில்தான் இரண்டாவது சேவை ஒன்று குறுக்கிடுகிறது. அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் உள்ள காப்பிக்கடையில், வாசலைப் பார்த்த மேசையில் ஒருவர் காலை முழுவதும் அமர்ந்திருக்கிறார். ஊரில் அவரை ஏஜெண்ட் என்று அழைக்கிறார்கள். நவம்பர் மாத இறுதியில் நாங்கள் வெளியே வந்தபோது அவரே எழுந்து வந்து பேசினார். "அக்கா, லைசன் காசு நூறு வெள்ளி கவுண்டர்ல கட்டிடுங்க. எனக்கு முந்நூற்றைம்பது. அதுல என் கையில நிக்குறது ஐம்பதுதான், மீதி உள்ள போயிடும். ரெண்டு வாரத்துல லைசன் உங்க கையில இருக்கும். காப்பிக் காசு இல்லாம இங்க எந்த ஃபைலும் எந்திரிச்சி நடக்காது" என்றார். வெள்ளி என்று நாங்கள் சொல்வது ரிங்கிட்டைத்தான். தோள்பையைத் திறந்து, கிளிப் மாட்டிய விண்ணப்பங்கள் பத்துப் பன்னிரண்டைக் காட்டினார். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் ஒரு தொகை எழுதியிருந்தது. அதுவரை அவரை நான் வெறும் வாய்ச்சொல் வீரராகத்தான் எண்ணியிருந்தேன். அடுத்து, நான் சொல்லாமலேயே எங்கள் கோப்பின் எண்ணைச் சொன்னார். அது எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்பதையும் சொன்னார். முகப்பில் இருந்தவர்களுக்குத் தெரியாத விவரம் சாலைக்கு எதிரே இருந்தவருக்குத் தெரிந்திருந்தது.

அண்ணி கைப்பையைத் திறந்துவிட்டார். "குடுத்துத் தொலைச்சிடலாம்மா, பத்து நாள் வியாபாரம்தானே" என்றார். அவர் கணக்கில் தவறே இல்லை. விற்பனையில் செலவு போக நாளுக்கு நாற்பது வெள்ளி நின்றாலும் ஒன்பது நாளில் அந்தத் தொகை திரும்பிவிடும். நாங்களோ ஏறத்தாழ நான்கு மாத வருமானத்தைக் காத்திருப்பிலேயே இழந்திருந்தோம். ஊழலைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை நேராகப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். கொடுப்பவருக்கு அது உண்மையாகவே இலாபம். கொடுக்கிறவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் அல்லர். பெரும்பாலோர் வயிற்றுக்காகக் கொடுக்கிறார்கள். அவரைத் தடுப்பதற்கு அந்தக் கணத்தில் என்னிடம் நல்ல வாதம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் எனக்கு அப்பாவின் சேவல் நினைவுக்கு வந்தது.

அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. ஒருவர் வெட்ட வேண்டிய மர வரிசையை நெரை என்போம். எங்கள் தோட்டத்தில் ஆற்றோரத்து நெரைகள் சமதளத்தில் இருந்தன; மேட்டு நெரைகளோ குன்றின் மேல், விடியற்காலைப் பனியில் கால் வழுக்கும் சரிவில் இருந்தன. யாருக்கு எந்த நெரை என்பதைத் தோட்ட எழுத்தரான கிராணி முடிவு செய்தார். அப்பா தீபாவளிக்கு ஒரு சேவலும் பொங்கலுக்கு ஒரு சேவலும் கிராணி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். எங்களுக்கு ஆற்றோரத்து நெரை நிலைத்தது. அதை நான் சிறுமியாக இருந்தபோது மரியாதை என்றே நினைத்திருந்தேன். ஓர் ஆண்டு கோழி நோய் வந்து சேவல்கள் எல்லாம் செத்துப் போயின. அந்த ஆண்டு பெரட்டில், அதாவது காலையில் பெயர் வாசித்து வேலை பிரிக்கும் இடத்தில், அப்பாவின் பெயர் மேட்டு நெரைக்கு வாசிக்கப்பட்டது. அவருடைய நெரை சேவல் கொடுக்க முடிந்த வேறொருவருக்குப் போயிற்று. அப்போதுதான் அம்மா சொன்னார்: அத்தனை ஆண்டுகள் அந்த மேட்டில் ஏறி வெட்டியவர், இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்த, கோழி வளர்க்க வழியில்லாத ஒரு கைம்பெண் என்று. எங்கள் சேவல் குன்றைச் சமதளமாக்கவில்லை. யார் தலையில் குன்று விழும் என்பதை மட்டும் மாற்றியது. அப்பா அதன் பிறகு சேவல் கொடுத்ததை எவரிடமும் பேசியதில்லை.

மன்ற முகப்பில் நடப்பதும் இதுவேதான் என்பதை அன்று புரிந்துகொண்டேன். உரிமக் குழுவின் ஒரு கூட்டத்தில் இத்தனை கோப்புகள்தான் எடுக்கப்படும். சந்தைச் சாலையில் இத்தனை கடைகளுக்குத்தான் இடம். ஏஜெண்ட் கொண்டுவரும் கோப்பு மேலே ஏறும்போது, வேறொன்று கீழே இறங்குகிறது. அதைவிடக் கொடியது இன்னொன்று உண்டு. எல்லாக் கோப்புகளும் முப்பது நாளில் முடிந்துவிடுமானால் அவரிடம் யாரும் போக மாட்டார்கள். அங்கே விற்கப்படும் சரக்கே தாமதம்தான். வேகத்துக்கு விலை கிடைக்கும் இடத்தில், இயல்பான வேகத்தைக் குறைத்து வைப்பதே வருமானமாகிவிடுகிறது. எனவே காப்பிக் காசு கொடுப்பவர், தம் காத்திருப்பைத் தீர்த்துக்கொள்ளும் அதே நேரத்தில், கொடுக்காதவரின் காத்திருப்பை நீட்டிக்கிறார். 'யாருக்கும் நஷ்டமில்லாத சின்னத் தொகை' என்று நம் வீடுகளில் சொல்லிக்கொள்வது எனக்கு இனி ஒப்பவில்லை. நஷ்டப்படுபவர் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

என் கண்ணில் ஒருவர் பட்டார். எண் சீட்டோடு காத்திருந்த நாள்களில் நான்கைந்து முறை ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி. பழைய அரிசிப் பையை மடித்துத் தைத்த உறையில் காகிதங்களை வைத்திருந்தார். பேருந்து நிலையத்தில் பழைய செருப்பும் குடையும் தைத்துக் கொடுக்க ஒரு சிறிய இடத்துக்கு அனுமதி கேட்டு ஓராண்டுக்கு மேலாக அலைகிறார். மலாய் பேசுவார், படிப்பது கடினம். ஒருநாள் என்னிடம் ஒரு காகிதத் துண்டை நீட்டி, "இதுக்கு ரசீது எந்தக் கவுண்டர்லம்மா குடுப்பாங்க?" என்று கேட்டார். அதில் பென்சிலால் 200 என்று எழுதியிருந்தது. மூன்று மாதங்களுக்கு முன் அந்தத் தொகையைக் காப்பிக்கடையில் கொடுத்திருக்கிறார். அது மன்றத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணம் என்றே நம்பியிருக்கிறார். லஞ்சம் கொடுத்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. சட்டப்படியான கட்டணம் எது, சட்டத்துக்குப் புறம்பானது எது என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அந்தத் துண்டை மடித்து அவர் உறைக்குள்ளேயே வைத்தேன்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். தண்டனை 20 ஆண்டுகள் வரையான சிறை. அதோடு கைமாறிய தொகையைப்போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். இந்தத் தொழிலில் இது வழக்கம்தான் என்று ஒருவர் வாதிட்டால் அந்த வாதம் ஏற்கப்படாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பலருக்குத் தெரியாத பிரிவு 25ஆவது. லஞ்சம் கேட்கப்பட்டவர் அதைக் கூடிய விரைவில் ஆணையத்திடமோ காவல்துறையிடமோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தக்க காரணமின்றித் தெரிவிக்காமல் இருந்தால் அவருக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆணையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1-800-88-6000. தகவல் தருவோரைக் காக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பு, அமலாக்க அமைப்பிடம் முறையாகத் தெரிவிப்பவருக்கு உரியது; முகநூலில் பெயர் போட்டு எழுதுபவருக்குக் கிடைப்பதில்லை. நான் பெயர்களைத் தவிர்த்திருப்பதற்குக் காரணம் அதுதான். சட்டம் என்னிடம் எதிர்பார்ப்பதைச் செய்திருக்கிறேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவது முறையாகாது.

அந்த ஏஜெண்டிடம் நான் மறுத்தபோது அவர் சொன்ன பதில் இன்னும் காதில் ஒலிக்கிறது. "மேல கோடிக் கணக்குல நடந்ததுக்கே தண்டனையைப் பாதியாக் குறைச்சாச்சு. என் ஐம்பது வெள்ளிதான் உங்களுக்குப் பெருசா தெரியுதா அக்கா?" என்று உண்மையான வியப்போடு கேட்டார். அவர் குறிப்பிட்டது அரசுக்குச் சொந்தமான எஸ்.ஆர்.சி. இண்டர்நேஷனல் நிறுவனத்தின் வழக்கை. அந்நிறுவனத்தின் 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் தொடர்பாக, முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் 2020 ஜூலை 28ஆம் நாள் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 2022 ஆகஸ்ட் 23ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது, இந்த ஊர்க் காப்பிக்கடையிலும் கைதட்டினார்கள். 12 ஆண்டுச் சிறை 6 ஆண்டாகவும், 21 கோடி ரிங்கிட் அபராதம் 5 கோடியாகவும் குறைக்கப்பட்டதாக 2024 பிப்ரவரியில் மன்னிப்பு வாரியத்தின் அறிவிப்பு வந்தபோது, அதே மேசையில் பேச்சு வேறுவிதமாகத் திரும்பியது. மன்னிப்பு வாரியத்தின் அதிகாரத்தைப் பற்றி விவாதிக்க எனக்குத் தகுதியில்லை. அந்த அறிவிப்பு ஒரு சிற்றூர்க் காப்பிக்கடையில் என்னவாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதைச் சொல்ல மட்டும் எனக்குத் தகுதியுண்டு. மேலே நடப்பது கீழே இருப்பவருக்கு நியாயம் கற்பித்துக் கொடுக்கிறது.

ட்ரான்ஸ்பரன்சி இண்டர்நேஷனல் அமைப்பின் ஊழல் குறியீட்டில் மலேசியா 2024ஆம் ஆண்டுக்கு 100க்கு 50 புள்ளிகளுடன் 57ஆம் இடத்தில் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டும் அதே புள்ளி, அதே இடம். புள்ளி கூடினால் ஊழல் குறைவு என்று பொருள். அந்தக் குறியீடு துறை வல்லுநர்களும் வணிகத் துறையினரும் அரசுத் துறையை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதைத் தொகுத்துத் தருவது. அது தேவையான அளவுகோல்தான். ஆனால் அரிசிப்பை உறையோடு நிற்கும் பெரியவரிடம் எவரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், தாம் லஞ்சம் எதுவும் கொடுத்ததில்லை என்றே மனதாரச் சொல்லியிருப்பார்.

இந்தத் தரகு காகிதத்தோடு நிற்பதில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. அன்று ஏஜெண்ட் கூடுதலாக இன்னொன்றும் சொன்னார். தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்களுக்கு ஐம்பது வெள்ளியில் 'ஊசிச் சீட்டு' வாங்கித் தருவாராம். பயிற்சிக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு அதற்கும் வழி உண்டாம். தமிழ்ப்பள்ளிக்கு எதிரே உள்ள கடைகளில் பிள்ளைகள் இடைவேளையிலும் பள்ளி விட்ட பிறகும் சாப்பிடுகிறார்கள். அங்கே சோறு பரிமாறும் கையின் பின்னால் இருக்கும் சான்று உண்மையானதா, பென்சில் தொகைக்குக் கிடைத்ததா என்று பெற்றோருக்கு எப்படித் தெரியும்? டைபாய்டு அசுத்தமான உணவிலும் நீரிலும் பரவும் நோய். ஊசியை ஒரு கட்டாயமாக வைத்தது அதற்காகத்தான். அதைவிட மெல்லவும் ஆழமாகவும் பரவும் பாதிப்பும் ஒன்று உண்டு. என் அண்ணன் மகன் மேல்நிலைப் படிப்பான படிவம் ஆறு முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். தன் அம்மாவின் கோப்பு நகராததைப் பார்த்துவிட்டு, "உள்ள ஆள் இல்லாம அப்ளை பண்ணி என்ன அத்தை ஆகப்போகுது?" என்று கேட்டான். பத்தொன்பது வயதுப் பிள்ளையின் மனத்தில் அந்தத் தீர்மானம் விழுந்த பிறகு, அவனிடம் நேர்மையாக உழைக்கச் சொல்லும் வாய் நமக்குக் கூசுகிறது.

எங்கள் கோப்பு கடைசியில் நகர்ந்த விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் படிப்பவர்களுக்குப் பயன்படக்கூடியது அதுதான். டிசம்பர் முதல் வாரத்தில் மன்றத் தலைவருக்கு மலாய் மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். குற்றச்சாட்டு எதுவும் வைக்கவில்லை. விண்ணப்பம் கொடுத்த நாள், நாங்கள் வந்து கேட்ட நாள்கள், ஒவ்வொரு நாளும் சொல்லப்பட்ட காரணம், சாசனம் உறுதியளிக்கும் கால அளவு ஆகியவற்றை வரிசையாக எழுதி, முடிவையோ மறுப்புக்கான காரணத்தையோ எழுத்தில் தரும்படி கேட்டேன். இரண்டு பிரதிகளைக் கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் 'டித்திரிமா' என்ற பெறுகை முத்திரையும் தேதியும் குத்தித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தச் சிறிய நீல முத்திரைக்கு இருக்கும் வலிமையை நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை. வாய்வார்த்தையில் ஐந்து மாதமும் கரைந்துபோகலாம். முத்திரை விழுந்த நாள் கரைவதில்லை. பதில் வராவிட்டால் பிரதமர் துறையின் கீழ் 1971ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பொதுப் புகார்ப் பிரிவுக்கு அனுப்புவதற்காக அதே கடிதத்தின் நகலையும் தயாராக வைத்திருந்தேன். அனுப்பத் தேவைப்படவில்லை.

மூன்றாவது வாரத்தில் போனபோது உரிமப் பிரிவில் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஓர் இளம் அதிகாரி எங்களைத் தம் மேசைக்கே அழைத்தார். கடிதத்தைப் படித்திருந்தார். பத்து நிமிடத்தில் கோப்பை எடுத்துவந்து, எங்கள் முன்னால் பக்கம் பக்கமாகப் புரட்டினார். காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட தடுப்பூசிச் சான்றின் இரண்டு நகல்களும் உள்ளேயே இருந்தன. இடத்தைப் பார்வையிடும் படிவம் நிரப்பப்படாமலேயே கிடந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் காலையில் அளவு நாடாவோடு தாமே வந்து, வடிகாலிலிருந்து கடை எத்தனை அடி தள்ளியிருக்க வேண்டும் என்று அண்ணிக்குப் பொறுமையாக விளக்கினார். ஜனவரி முதல் வாரத்தில் நூறு வெள்ளி கட்டினோம், அச்சிட்ட ரசீது கிடைத்தது, உரிமம் கிடைத்தது. உண்மையில் அந்த வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. மனம் வைத்தால் இரண்டே வாரம். ஏஜெண்ட் விற்றதும் அதே இரண்டு வாரத்தைத்தான்.

அந்த இளம் அதிகாரிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் ஒரு நல்ல மனிதர் மாற்றலாகி வருவதை நம்பி ஒரு சேவை நடக்கக் கூடாது. ஊராட்சித் தேர்தல்கள் இந்த நாட்டில் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு மன்ற உறுப்பினர்கள் நியமனத்தில் வருகிறார்கள். வாக்குக் கேட்டு எங்கள் வாசலுக்கு வர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அப்படியிருக்க, மக்கள் பார்வை படுவதற்கு வேறு வழிகளை மன்றமே திறந்து வைக்க வேண்டும். நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. விண்ணப்ப எண், கொடுத்த தேதி, இப்போது எந்த நிலையில் உள்ளது என்ற மூன்று விவரங்களைக் கொண்ட பட்டியல் ஒன்றை வாரந்தோறும் அந்தச் சாசனத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும். ஆகஸ்டில் கொடுத்தவருக்கு முன்னால் நவம்பரில் கொடுத்தவர் எப்படிப் போனார் என்று வரிசையில் நிற்கும் எல்லாரும் பார்ப்பார்கள். எதிர்க்கடை மேசையில் விற்கப்படும் சரக்கு அன்றோடு தீர்ந்துவிடும். ஒரு தாளும் நான்கு குண்டூசியும்தான் செலவு. இதையும் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கியிருக்கிறேன்.

முகப்பின் பணிவுக்கும் வசதிக்கும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். முகப்புக்குப் பின்னால் நடக்கும் வேலைக்கு ஒன்று. மொத்தமாகப் பார்த்தால் இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. போகிறவர்கள் வெள்ளிக்கிழமை போக வேண்டாம். தொழுகைக்காக நண்பகல் இடைவேளை நீளம். மைகாட் அடையாள அட்டையின் இரு பக்க நகல்கள் மூன்று, படங்கள் நான்கு, கடை வரைபடத்தில் வடிகாலும் குப்பைத்தொட்டியும் குறித்து எடுத்துச் செல்லுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் பிரதியில் முத்திரை கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள். யாரிடம் பேசினீர்கள், எந்த நாளில் பேசினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். சட்டையில் பெயர்ப்பட்டை இருக்கும். அரசு கட்டணம் எதுவாக இருந்தாலும் அச்சிட்ட ரசீது உண்டு. ரசீது தர முடியாத தொகையை எந்த மேசையிலும் வைக்காதீர்கள்.

அண்ணியின் கடை இப்போது காலை ஆறரை மணிக்குத் திறக்கிறது. தேங்காய்ப்பூவும் கருப்பட்டிச் சர்க்கரையும் வைத்துத் தரும் இடியாப்பம் ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. உரிமத்தைச் சட்டமிட்டுத் தராசுக்கு மேலே மாட்டியிருக்கிறார். அந்தப் பெரியவர் சென்ற வாரம் கடைக்கு வந்தார். அவருடைய விண்ணப்ப நகலை வாங்கிப் பார்த்தேன். பதினைந்து மாதம் ஆகியிருக்கிறது, முத்திரை எதுவும் இல்லை. அவருக்காக எழுதிய கடிதம் இரண்டு பிரதிகளாக என் மேசையில் இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அவரோடு நானும் முகப்புக்குப் போகிறேன்.